நிலக்கரியில் வெப்பமும் மின்சாரமும்: புதிய நிலையத்தைத் திட்டமிட்டுக் கடன் திரட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

கூட்டு வெப்ப மின் நிலையம், அதாவது ஒரே நெருப்பில் மின்சாரமும், வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் குழாயில் விற்க வெப்பமும் தரும் நிலையம், என்று பேச்சு ஆரம்பித்த பத்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் "எத்தனை மெகாவாட்?" என்று கேட்டுவிடுவார். அவர் கேட்பது மின்சாரத்தை. அந்தக் கேள்வியைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். மின்சாரம் மட்டும் விற்கிற புதிய நிலக்கரி நிலையத்துக்குக் கடன் கிடைப்பது இன்று உலகின் பெரும்பாலான இடங்களில் குதிரைக் கொம்பு. வெப்பத்தை யார் வாங்குவார், எந்த மாதத்தில் எவ்வளவு வாங்குவார், எத்தனை வருஷத்துக்கு வாங்குவதாகக் கையெழுத்துப் போடுவார் என்பதற்குப் பதில் இருந்தால்தான் மேற்கொண்டு பேசுவதில் அர்த்தம் இருக்கிறது.

காரணம் எளிது. சாதாரண அனல் மின் நிலையத்தில் எரிகிற நிலக்கரியின் ஆற்றலில் 35 முதல் 45 சதவீதம்தான் மின்சாரமாக மாறும். மிச்சத்தில் பெரும்பகுதி குளிர்விப்பு நீரோடு போகும், கொஞ்சம் புகைபோக்கி வழியாகப் போகும். டென்மார்க்கில் ஆல்போர்க் நகரத்துக்கு அருகே 1998-ல் இயங்க ஆரம்பித்த நார்ட்யுலாண்ட் நிலையத்தின் 3-வது அலகு, உலகின் மிகச் சிறந்த நிலக்கரி அலகுகளில் ஒன்று, அதுவே மின்சாரம் மட்டும் எடுக்கும்போது 47 சதவீதத்தைத்தான் தொட்டது. வீணாகப் போகிற அந்த வெப்பத்தைக் குழாயில் அனுப்பி விற்றால் மொத்தப் பயன்பாடு 80, 85 சதவீதத்தைத் தாண்டும். கூட்டு நிலையத்தின் லாபம் முழுவதும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. வாங்க ஆள் இல்லாவிட்டால் உங்களிடம் இருப்பது விலை அதிகமான, அளவில் சின்னதான ஒரு சாதாரண மின் நிலையம், அவ்வளவுதான்.

படி 1: வெப்பத் தேவையை மணி மணியாக எண்ணுங்கள்

ஆண்டு மொத்தத் தேவை என்று ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு யாரும் நிலையத்தை வடிவமைக்கக் கூடாது. வருஷத்தின் 8,760 மணி நேரத்துக்கும் எவ்வளவு வெப்பம் தேவைப்படுகிறது என்ற தரவை எடுத்து, பெரியதிலிருந்து சின்னதுக்கு வரிசைப்படுத்தி வரைந்தால் ஒரு வளைவு வரும். இடது பக்கம் செங்குத்தாக நிற்கும், கடுங்குளிர் நாட்கள் அவை. வலது பக்கம் தட்டையாக நீளும், கோடையில் குளிக்க வெந்நீர் மட்டும் தேவைப்படுகிற நாட்கள். இந்த வளைவை நன்றாகப் பார்த்து வையுங்கள், பின்னால் வங்கியில் எழும் கேள்விகளில் பாதி இதைப் பற்றித்தான் இருக்கும்.

ஒரு கற்பனை நகரத்தை எடுத்துக்கொள்வோம், கடைசி வரை இதே எண்களை வைத்தே பேசலாம். உச்சத் தேவை 100 மெகாவாட் வெப்பம், ஆண்டுத் தேவை 3,00,000 மெகாவாட்-மணி. முழு 100 மெகாவாட்டுக்கும் நிலையம் கட்டத் தோன்றும், கட்டாதீர்கள். உச்சத்தில் பாதி, அதாவது 50 மெகாவாட் வெப்பத்துக்கு நிலையம் கட்டினாலே ஆண்டுத் தேவையில் ஏறக்குறைய 85 சதவீதத்தை அது கொடுத்துவிடும். நிலையம் ஆண்டுக்கு 5,100 மணி நேரம் முழுச் சுமையில் ஓடுவதற்கு அது சமம். மேலே இருக்கிற அடுத்த 50 மெகாவாட் வெறும் 900 மணி நேரத்துக்குச் சமமான வேலைதான் செய்யும். அந்த 900 மணிக்காக டர்பைனும் கந்தக நீக்கியும் வாங்குவது பணத்தைக் கொளுத்துவது மாதிரி. அங்கே விலை குறைந்த வெந்நீர் பாய்லர்களை வையுங்கள், நிலையம் பழுதாகி நின்றாலும் அவை கைகொடுக்கும். கூடவே ஒரு பெரிய வெந்நீர்த் தொட்டியும் வைத்தால், மின்சார விலை அதிகமாக இருக்கும் நேரத்தில் நிலையத்தை முழுதாக ஓட்டி வெப்பத்தைச் சேமித்து, இரவில் வெளியே விடலாம்.

தேவைக் கணக்கில் இரண்டு இடங்களில் ஏமாற்றம் வரும். ஒன்று, பழைய கட்டடங்களுக்கு வெப்பக் காப்பு போடப் போடத் தேவை குறைந்துகொண்டே போகும். இன்றைய வளைவை 20 வருஷத்துக்கு அப்படியே நீட்டினால் நிலையம் பெரிதாகிவிடும். இரண்டு, நீராவி வாங்குகிற ஒரே ஒரு ஆலையை நம்புவது. காகித ஆலை, சாய ஆலை, ரசாயன ஆலை எல்லாம் வருஷம் முழுக்கச் சீராக வாங்குவார்கள், அது அருமையான சுமை. ஆனால் ஆலை மூடினால் உங்கள் கடனும் சேர்ந்து மூழ்கும்.

குழாய் வலையமைப்பையும் இப்போதே பாருங்கள். அது யார் சொத்து, எவ்வளவு பழசு, வழியில் எவ்வளவு வெப்பம் இழக்கிறது, வீடுகளிலிருந்து திரும்பி வருகிற நீர் எத்தனை டிகிரியில் வருகிறது? திரும்பும் நீர் எவ்வளவு குளிர்ந்து வருகிறதோ அவ்வளவுக்கு மின்சாரம் கூடுதலாகக் கிடைக்கும். இதை ஏதோ பொறியாளர்கள் கவலை என்று விட்டுவிடாதீர்கள், வருமானக் கணக்கு.

ஹாம்பர்க்கின் மோர்பூர்க் நிலையத்தின் கதையை இந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டும். சுமார் 1,650 மெகாவாட், ஏறக்குறைய 300 கோடி யூரோ செலவு, 2015-ல் முழு உற்பத்திக்கு வந்தது. நகரத்துக்கு வெப்பம் கொண்டுபோகக் குழாய்ப் பாதை ஒன்று திட்டத்தில் இருந்தது. அது வழக்கிலும் எதிர்ப்பிலும் மாட்டி, கட்டப்படவே இல்லை. வெப்பத்துக்கு வாடிக்கையாளர் இல்லாமல் மின் சந்தையை மட்டும் நம்பி நின்ற அந்த நிலையம் 2021-ல் மூடப்பட்டது. குழாய்க்கான அனுமதியும் நிலையத்துக்கான அனுமதியும் ஒரே நாளில் கையில் இருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இந்த ஒரு உதாரணம் போதும்.

படி 2: செலவு செய்யும் முன், திட்டத்தையே கொன்றுவிடக்கூடிய கேள்விகள்

விரிவான ஆய்வுக்குப் பெரிய தொகை செலவாகும். அதற்கு முன்னால் சில வாரங்களில், சின்னச் செலவில், திட்டம் பிழைக்குமா என்று பார்த்துவிடலாம்.

முதலில் சட்டம். உங்கள் நாட்டில் புதிய நிலக்கரி நிலையத்துக்கு அனுமதி உண்டா, கார்பனுக்கு விலை இருக்கிறதா, வரப்போகிறதா? ஐரோப்பிய ஒன்றியத்தில் கதை ஏறக்குறைய முடிந்துவிட்டது. 2019-ல் வந்த மின்சந்தை விதிப்படி, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 550 கிராமுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு விடும் புதிய நிலையங்களுக்குத் திறன் கட்டணம் (தேவைப்படும்போது மின்சாரம் தரத் தயாராக நிற்பதற்குக் கொடுக்கும் தொகை) கிடையாது. 2023-ல் திருத்திய ஆற்றல் திறன் விதிப்படி, புதிய கூட்டு நிலையம் 'உயர்திறன்' என்ற தகுதி பெற வேண்டுமானால் வெப்பமும் மின்சாரமும் சேர்ந்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் 270 கிராமுக்குள் இருக்க வேண்டும். நிலக்கரி ஒரு யூனிட் எரிபொருள் ஆற்றலுக்கே சுமார் 340 கிராம் விடுகிறது. நூற்றுக்கு நூறு திறன் இருந்தாலும் அந்த வரம்புக்குள் வர முடியாது.

அடுத்தது மாற்று வழிகள். எரிவாயு, மரச்சில்லு, குப்பை எரிப்பு, பெரிய ஹீட் பம்பு (நீரிலோ காற்றிலோ இருக்கும் வெப்பத்தை மின்சாரத்தால் உயர்த்தித் தரும் இயந்திரம்), பக்கத்துத் தொழிற்சாலையின் கழிவு வெப்பம். இவற்றை ஒப்புக்குச் சப்பாணியாக ஒரு பக்கத்தில் எழுதித் தள்ளாதீர்கள், வங்கியின் ஆலோசகர் அதை முதல் வாசிப்பிலேயே கண்டுபிடித்துவிடுவார். டென்மார்க்கின் எஸ்பியெர்க் நகரம் பல வருஷம் நிலக்கரி நிலையத்தின் வெப்பத்தில் இருந்துவிட்டு, இப்போது கடல்நீரிலிருந்து வெப்பம் எடுக்கும் பெரிய ஹீட் பம்புக்கும் மரச்சில்லுக்கும் மாறிவிட்டது. உங்கள் இடத்தில் எரிவாயுக் குழாய் இல்லை, மின்கட்டமைப்பு பலவீனம், குளிர் கடுமை, சுரங்கம் பக்கத்திலேயே இருக்கிறது என்றால் நிலக்கரியின் பக்கம் வாதம் இருக்கலாம். மங்கோலியாவின் தலைநகர் உலான்பாத்தர் மாதிரி நகரங்கள் இன்றும் நிலக்கரிக் கூட்டு நிலையங்களை நம்பியே குளிர்காலத்தைக் கடக்கின்றன. ஆனால் அந்த வாதத்தை எண்களில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, கடன் தருபவர்களின் பட்டியல் காலியாக இருக்கிறதா என்பது. அதற்குத் தனிப் படியே இருக்கிறது, படி 7. பொறுமை இல்லாதவர்கள் அதை முதலில் படித்துவிட்டு வரலாம்.

படி 3: இயந்திரத்தைத் தேர்ந்தெடுங்கள்

டர்பைனில் இரண்டு வகை முக்கியம். பேக் பிரஷர் டர்பைனில் நீராவி முழுவதும் வேலை செய்து முடித்து வெப்பக் குழாய்க்குப் போய்விடும். விலை குறைவு, திறன் அதிகம், ஆனால் வெப்பத் தேவை இல்லாவிட்டால் மின்சாரமும் இல்லை. எக்ஸ்ட்ராக்ஷன் கண்டென்சிங் டர்பைனில் நடுவில் தேவையான அளவு நீராவியை உருவிக்கொள்ளலாம், மீதி, நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கண்டென்சர் வரை போய் மின்சாரம் தரும். கோடையிலும் ஓட்டலாம், ஆனால் விலையும் குளிர்விப்பு நீரும் கூடும். இந்த வகையில் 1 மெகாவாட் மின்சாரத்தை விட்டுக்கொடுத்தால் வெப்பநிலையைப் பொறுத்து 5 முதல் 8 மெகாவாட் வரை வெப்பம் கிடைக்கும். வெப்பத்துக்கு விலை வைக்கும்போது உங்கள் கையில் இருக்க வேண்டிய எண் அதுதான்.

எது சரி என்பதை வளைவு சொல்லும். கோடைத் தேவை குறைவு, மின்சாரத்துக்கு நல்ல விலையும் இல்லை என்றால் பேக் பிரஷர் போதும். நம் கற்பனை நகரத்துக்கும் அதையே எடுத்துக்கொள்கிறேன்: 50 மெகாவாட் வெப்பம், 20 மெகாவாட் மின்சாரம், மொத்தத் திறன் 85 சதவீதம், ஆக எரிபொருள் உள்ளீடு சுமார் 82 மெகாவாட். இதே வெப்பத்தையும் மின்சாரத்தையும் தனித்தனியாக உண்டாக்கினால், 88 சதவீத பாய்லரிலும் 38 சதவீத மின் நிலையத்திலும், 109 மெகாவாட் எரிபொருள் வேண்டும். கால்வாசி மிச்சம்.

பாய்லர் விஷயத்தில் சின்ன, நடுத்தர நிலையங்களுக்குச் சுழல் பாய்மப் படுகை பாய்லரைத்தான் (நிலக்கரியை மணல் மாதிரித் துகள்களோடு காற்றில் மிதக்கவிட்டுச் சுற்றிச் சுற்றி எரிப்பது) நான் முதலில் பார்ப்பேன். மட்டமான நிலக்கரியையும் தரம் மாறுகிற நிலக்கரியையும் அது தாங்கும், சுண்ணாம்புக்கல்லை உள்ளேயே போட்டுக் கந்தகத்தைப் பெருமளவு பிடித்துவிடலாம், பின்னால் மரச்சில்லு கலந்து எரிக்கவும் இடம் கொடுக்கும். தூளாக்கி எரிக்கும் பாய்லர் பெரிய அலகுகளுக்கு நல்லது. வேறு எதுவானாலும் புகை சுத்திகரிப்பை முதல் வரைபடத்திலேயே போட்டுவிடுங்கள்: பை வடிகட்டி அல்லது மின்நிலைத் தூசி வடிகட்டி, கந்தக நீக்கி, நைட்ரஜன் ஆக்சைடு குறைப்பு. பாதரசத்துக்கும் மினமாட்டா உடன்படிக்கையின் 8-வது பிரிவு இருக்கிறது, அதில் சேர்ந்த நாடுகளில் புதிய நிலக்கரி நிலையங்கள் கிடைக்கக்கூடிய சிறந்த தொழில்நுட்பத்தை வைத்தாக வேண்டும். இதையெல்லாம் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்தில் இடம் தேடி இடித்துக் கட்டுகிற செலவு வேறு கணக்காகிவிடும்.

படி 4: நிலக்கரி, எங்கிருந்து, என்ன தரத்தில்

"நிலக்கரி மலிவு" என்பது சுரங்க வாசலில் சொல்லும் விலை. நீங்கள் வாங்குவது டன்களை இல்லை, அதில் இருக்கும் வெப்பத்தை. நம் நிலையத்துக்கு ஒரு கிலோவுக்கு 6,000 கிலோகலோரி உள்ள நிலக்கரி வந்தால் மணிக்கு 12 டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக, ஆண்டுக்கு சுமார் 60,000 டன் போதும். 4,000 கிலோகலோரி நிலக்கரி என்றால் 90,000 டன். அந்த 30,000 டன் வித்தியாசம் ரயிலில் வர வேண்டும், இறக்க வேண்டும், அரைக்க வேண்டும், அப்புறம் சாம்பலாக வெளியே போக வேண்டும். முதலாவதில் 12 சதவீதம் சாம்பல் என்றால் ஆண்டுக்கு 7,000 டன்னைச் சற்றுத் தாண்டும், இரண்டாவதில் 35 சதவீதம் என்றால் 31,000 டன்னுக்கு மேல். சாம்பலைச் சிமென்ட் ஆலை வாங்கினால் கொஞ்சம் வருமானம், வாங்காவிட்டால் 25 வருஷத்துக்கு நிலம் வேண்டும். நிலக்கரி ஒப்பந்தம் பேசும்போதே சாம்பல் ஒப்பந்தமும் பேசுங்கள்.

ஆய்வகத்துக்கு நல்ல கட்டிகளாகப் பொறுக்கி அனுப்பிய மாதிரியை நம்பி பாய்லர் வடிவமைப்பது இந்தத் துறையின் பழைய வியாதி. சுரங்கத்தின் பல அடுக்குகளிலிருந்து, பல மாதங்களில் எடுத்த மாதிரி வேண்டும். பாய்லர் தயாரிப்பாளர் கொடுக்கும் உத்தரவாதம் அவரிடம் நீங்கள் எழுதிக் கொடுத்த வடிவமைப்பு நிலக்கரிக்கு மட்டும்தான். அது ஒரு நாளும் வராவிட்டால் உத்தரவாதம் காகிதம்.

கையிருப்புக்கு 30 நாள் என்று பலரும் வைப்பார்கள், குளிர்காலத்தில் பாதை அடைபடும் இடமென்றால் கூட வைக்க வேண்டும். பழுப்பு நிலக்கரியை அதிக நாள் குவித்து வைத்தால் தானாகவே பற்றிக்கொள்ளும், அதனால் குவியலை அழுத்தி இறுக்குவது, வெப்பநிலை பார்ப்பது எல்லாம் செலவுக் கணக்கில் வர வேண்டும்.

படி 5: இடமும் அனுமதியும்

வெப்பத்தை வெகுதூரம் கொண்டுபோகலாம், 20, 30 கிலோமீட்டர் குழாய்கள் உலகில் ஓடுகின்றன, ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டரும் காசு. ஊருக்குப் பக்கத்தில் வைத்தால் குழாய்ச் செலவு குறையும், புகைக்கு எதிர்ப்பு கூடும். ரயில் பாதை, மின்கட்டமைப்பு இணைப்பு, தண்ணீர், சாம்பல் கிடங்கு, கட்டுமானப் பொருட்களை இறக்கி வைக்க இடம், இத்தனையும் ஒரே நிலத்தில் பொருந்துவது அபூர்வம்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கு நான்கு பருவத் தரவும் கேட்பார்கள், ஆக ஒரு வருஷம் அதற்கே போய்விடும். அதை முதல் நாளே ஆரம்பித்துவிடுங்கள். சர்வதேசக் கடனுக்கு வாய்ப்பு இருந்தால் உள்நாட்டுச் சட்டத்தோடு நிற்காமல் உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகத்தின் 2012 செயல்திறன் தரங்களையும் பின்பற்றி அறிக்கை எழுதுங்கள், ஈக்வேட்டர் கொள்கைகளில் கையெழுத்திட்ட வங்கிகள் அதைத்தான் அளவுகோலாக வைக்கின்றன.

மக்களிடம் பேசுவதை ஒரு சம்பிரதாயமாக நடத்தினால் வழக்கில் முடியும். ஜெர்மனியின் டாட்டெல்ன் 4 நிலையம், 1,100 மெகாவாட், வீடுகளுக்கு வெப்பமும் தருவது, 2007-ல் கட்ட ஆரம்பித்தது. 2009-ல் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தையே நீதிமன்றம் ரத்து செய்தது. நிலையம் உற்பத்திக்கு வந்தது 2020-ல். இத்தனை வருஷத்துக்கும் வட்டி ஓடியிருக்கும் என்று மட்டும் நினைத்துப் பாருங்கள்.

படி 6: ஒப்பந்தங்களும் நிதி மாதிரியும்

வங்கியைப் பொறுத்தவரை உங்கள் நிலையம் என்பது ஒப்பந்தங்களின் ஒரு கட்டு. வெப்ப விற்பனை ஒப்பந்தம், மின் கொள்முதல் ஒப்பந்தம், நிலக்கரி ஒப்பந்தம், கட்டுமான ஒப்பந்தம், இயக்கிப் பராமரிக்கும் ஒப்பந்தம். இவை ஒன்றோடு ஒன்று இடிக்காமல் இருக்க வேண்டும். நிலக்கரிக்கு "எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, வெப்பத்தை "தேவைப்பட்டால் வாங்கிக்கொள்கிறோம்" என்று விற்றால் நடுவில் நசுங்குவது நீங்கள். நிலக்கரி விலை ஏறினால் வெப்பக் கட்டணம் எத்தனை நாளில் ஏறும் என்பதைச் சூத்திரமாக எழுதிவிடுங்கள். வெப்ப விலையை நிர்ணயிப்பது அரசு ஒழுங்குமுறை ஆணையம் என்றால், தேர்தல் வருஷத்தில் அந்தச் சூத்திரத்தை மதிப்பார்களா என்றும் யோசியுங்கள். வீட்டு வெப்பக் கட்டணத்தை ஏற்றுவது எந்த ஆட்சிக்கும் பிடிக்காத வேலை.

வெப்பக் கட்டணத்தை இரண்டாகப் பிரிப்பது நல்லது: வெப்பம் தரத் தயாராக நிற்கும் திறனுக்கு மாதா மாதம் நிலையான ஒரு தொகை, எடுத்த வெப்பத்துக்கு ஒரு தொகை. முதலாவது கடன் தவணையைத் தாங்கும், இரண்டாவது நிலக்கரிக்கு. குளிர் குறைவான ஒரு வருஷத்தில் இந்தப் பிரிப்புதான் உங்களைக் காப்பாற்றும்.

இனி எண்கள். மொத்தச் செலவு 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், 70 கடன், 30 சொந்த மூலதனம், வட்டி 9 சதவீதம். கட்டுமானம் நான்கு வருஷம், கடனைப் படிப்படியாக எடுக்கிறீர்கள் என்றால், கட்டி முடிப்பதற்குள் வட்டி மட்டும் 12 பங்குக்கு மேல் போய்விடும். இந்த 12 பங்கும் அந்த 100-க்குள் அடங்க வேண்டும், பாய்லரும் டர்பைனும் கட்டடமும் சேர்த்து 100 என்று கணக்குப் போட்டவர்கள் பாதியில் பணத்துக்கு அலைவார்கள். ஒரு வருஷம் தாமதமானால் இன்னும் 6 பங்கு.

15 வருஷக் கடன் என்றால் ஆண்டுத் தவணை சுமார் 8.7 பங்கு. வங்கி, தவணையைப் போல 1.3 மடங்கு பணம் கையில் மிஞ்ச வேண்டும் என்று கேட்டால் ஆண்டுக்கு 11.3 பங்கு ஈட்டியாக வேண்டும். அதே வங்கி, "நிலக்கரி என்பதால் 10 வருஷம்தான்" என்று சொன்னால் தவணை 10.9, ஈட்ட வேண்டியது 14.2. வட்டி மாறவில்லை, நிலையம் மாறவில்லை, கடன் காலம் சுருங்கியதில் வெப்ப விலையின் மீது கால்வாசி கூடுதல் பாரம் ஏறிவிட்டது. வட்டி விகிதத்துக்காக மாதக்கணக்கில் பேரம் பேசுகிறவர்கள் கடன் காலத்தைக் கோட்டை விடுவதைத்தான் அதிகம் பார்க்க முடிகிறது.

கார்பன் விலைக்கு ஒரு தனிப் பக்கம் வையுங்கள், இன்று உங்கள் நாட்டில் அது பூஜ்யமாக இருந்தாலும். நம் நிலையம் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,43,000 டன் கார்பன் டை ஆக்சைடு விடும். டன்னுக்கு 10 என்று விலை வந்தால், எந்த நாணயமானாலும், ஆண்டுக்கு 14.3 லட்சம், விற்கும் ஒவ்வொரு மெகாவாட்-மணிக்கும் சுமார் 4. டன்னுக்கு 50 என்றால் 20. அதை வாடிக்கையாளர் மேல் ஏற்ற ஒப்பந்தம் அனுமதிக்கிறதா? இல்லையென்றால் அது உங்கள் 30 பங்கிலிருந்துதான் போகும்.

நிலையம் சிறியதோ பெரியதோ, பருவத்தையும் மாதிரியில் காட்டுங்கள். நிலக்கரி வாங்குவது குளிருக்கு முன், வெப்பப் பணம் வருவது குளிரிலும் அதற்குப் பிறகும். கோடையில் கஜானா வறண்டிருக்கும். தவணைகளைச் சமமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று ஒப்புக்கொண்டால், வருஷக் கணக்கில் லாபம் இருந்தும் நடுவில் தவணை தவறும். நடைமுறை மூலதனக் கடனைத் தனியாக வாங்குங்கள், தவணை அட்டவணையைக் குளிர்காலத்துப் பக்கம் சாய்த்துக் கேளுங்கள், ஆறு மாதத் தவணைக்கு இருப்பு நிதியும் வையுங்கள்.

மோசமான நிலைகளை நீங்களே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்: வெப்ப விற்பனை 20 சதவீதம் குறைவு, நிலக்கரி 30 சதவீதம் ஏற்றம், ஒரு வருஷத் தாமதம், பிறகு இவற்றில் இரண்டு சேர்ந்து வருவது. எல்லாவற்றிலும் 1.3 நிற்கிறது என்றால் மாதிரியில் எங்கோ பிழை இருக்கிறது.

படி 7: யார் கடன் தருவார்?

பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் இந்தப் படி எளிதாக இருந்தது. இப்போது கதவுகள் வரிசையாகச் சாத்தியிருக்கின்றன. உலக வங்கி 2013-லேயே அபூர்வமான சூழ்நிலைகளுக்கு மட்டும் என்று சொல்லிவிட்டது. ஆசிய வளர்ச்சி வங்கி 2021-ன் ஆற்றல் கொள்கையில் புதிய நிலக்கரி மின்சாரத்துக்கும் வெப்பத்துக்கும் நிதி இல்லை என்றது. வெளிநாடுகளில் புதிய நிலக்கரி நிலையங்களைக் கட்டப்போவதில்லை என்று சீனா 2021 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில் அறிவித்தது. அதே ஆண்டில் ஓஈசிடி (பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு) நாடுகள், கார்பனைப் பிடிக்கும் வசதி இல்லாத நிலக்கரி நிலையங்களுக்கு ஏற்றுமதிக் கடன் ஆதரவை நிறுத்த ஒப்புக்கொண்டன. பெரிய காப்பீட்டு நிறுவனங்களும் விலகுகின்றன, அலியான்ஸ் 2018-லேயே தனி நிலக்கரி நிலையங்களுக்குக் காப்பீடு தருவதை நிறுத்துவதாக அறிவித்தது. காப்பீடு இல்லாமல் எந்த வங்கியும் முதல் தவணையை விடுவிக்காது, இதை மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

மிஞ்சுவது உள்நாட்டு அரசு வங்கிகள், அரசு பட்ஜெட், நகராட்சிக் கடன் பத்திரம், சுரங்க நிறுவனத்தின் சொந்தப் பணம், நீராவி வாங்கும் ஆலையின் பங்கு முதலீடு. இதில் எனக்குப் பிடித்தது கடைசி. வெப்பத்தை வாங்குகிறவரே உரிமையாளராகவும் இருந்தால் 20 வருஷ ஒப்பந்தத்துக்கு அர்த்தம் இருக்கும்.

உள்நாட்டுக் கடனில் ஒரு நன்மை உண்டு, வருமானமும் கடனும் ஒரே நாணயத்தில் இருக்கும். வெளிநாட்டு நாணயத்தில் குறைந்த வட்டி என்று மயங்கி, உள்ளூர் நாணயத்தில் வெப்பம் விற்றால், ஒரு நாணயச் சரிவு போதும்.

கடன் உறுதியாகும் முன் கட்டுமானத்தை ஆரம்பிக்காதீர்கள். போலந்தின் ஒஸ்ட்ரோவெங்கா சி திட்டம், 1,000 மெகாவாட், 2018-ல் கட்ட ஆரம்பித்தது. நிதி மூலங்கள் கேள்விக்குள்ளாகி 2020 பிப்ரவரியில் வேலை நின்றது, நிலக்கரிக்காக எழுப்பிய கட்டமைப்புகளை இடித்துவிட்டு எரிவாயுவுக்கு மாறினார்கள். நடுவில் ஒரு பங்குதாரர் அமைப்பு போட்ட வழக்கில், திட்டத்துக்கு ஒப்புதல் தந்த நிறுவனத் தீர்மானம் செல்லாது என்று 2019-ல் தீர்ப்பும் வந்தது. கொசோவோவின் 500 மெகாவாட் பழுப்பு நிலக்கரித் திட்டத்திலிருந்து உலக வங்கி 2018-ல் விலகியது, மாற்று வழிகள் மலிவாகிவிட்டன என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். 2020-ல் அதைக் கட்ட முன்வந்திருந்த நிறுவனமும் கைவிட்டது. இரண்டிலும் பொறியியல் பிரச்சினை எதுவும் முதலில் வரவில்லை.

படி 8: கடன் உறுதியானதிலிருந்து முதல் நெருப்பு வரை

இந்தப் பகுதியைப் பற்றி மற்ற வழிகாட்டிகள் நிறையச் சொல்லும், நான் சுருக்கிவிடுகிறேன். மொத்தப் பொறுப்பையும் ஒரே ஒப்பந்தக்காரர் ஏற்கும் முழு ஒப்பந்தம் விலை அதிகம், ஆனால் வங்கிக்கு நிம்மதி. தாமதத்துக்கும் செயல்திறன் குறைவுக்கும் தண்டத் தொகையைத் தனித்தனியாக எழுதுங்கள். செயல்திறன் சோதனையை உண்மையில் எரிக்கப்போகும் நிலக்கரியில் நடத்த வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

அட்டவணையைப் பின்னாலிருந்து போடுங்கள். வெப்பப் பருவம் ஆரம்பிக்கும் தேதிக்கு மூன்று மாதம் முன் சோதனை ஓட்டம் முடிந்திருக்க வேண்டும். ஒரு மாதத் தாமதம் பருவத்தின் நடுவில் போய் விழுந்தால், புதிய நிலையத்தை நம்பிப் பழைய பாய்லர்களை மூடியிருந்தால், ஊர் குளிரில் நடுங்கும், நீங்கள் வருஷத்தின் வருமானத்தையும் இழப்பீர்கள். முதல் இரண்டு குளிர்காலத்துக்காவது பழைய பாய்லர்களை ஓட்டும் நிலையில் வைத்திருங்கள்.

படி 9: வெளியேறும் வழியையும் இப்போதே வரையுங்கள்

நிலையம் 30, 40 வருஷம் ஓடும் என்று பொறியாளர் சொல்வார், உண்மைதான், இரும்பு தாங்கும். சட்டமும் சந்தையும் அவ்வளவு நாள் தாங்குமா என்பது வேறு. அதனால் கடன் முடியும் தேதி, வெப்ப ஒப்பந்தம் முடியும் தேதிக்குக் குறைந்தது இரண்டு மூன்று வருஷம் முன்னால் இருக்க வேண்டும். அரசே மூடச் சொன்னால் இழப்பீடு எப்படி என்பதைச் சட்ட மாற்ற விதியாக ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

கோபன்ஹேகனின் அவெடூரே நிலையத்தின் முதல் அலகு 2016-ல் நிலக்கரியிலிருந்து மரத் துகள் உருண்டைகளுக்கு மாறியது, குழாய் வலையமைப்பு அப்படியே பயன்பட்டது. இதைச் செய்ய இடம் வேண்டும்: மரத்தை மழையில் வைக்க முடியாது, மூடிய கிடங்கு வேண்டும், அதே வெப்பத்துக்கு நிலக்கரியைவிடச் சுமார் இரண்டு மடங்கு கன அளவு வரும், தூசி வெடிக்கும் ஆபத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும். நிலம் வாங்கும்போதே அதற்கு ஒரு மூலையை விட்டுவைப்பது பிறகு தேடுவதைவிட மலிவு. பெரிய ஹீட் பம்பையும் வெந்நீர்த் தொட்டியையும் இணைக்க வால்வும் குழாய் முனையும் முதலிலேயே விட்டுவிடுங்கள்.

சாம்பல் கிடங்கை மூடி மண் போட்டுப் பல வருஷம் நிலத்தடி நீரைக் கண்காணிக்கும் செலவுக்கு, ஓடும் முதல் வருஷத்திலிருந்தே ஒவ்வொரு மெகாவாட்-மணியிலும் ஒரு சின்னத் தொகையைப் பூட்டிய கணக்கில் போடுங்கள். அந்தக் கணக்கைத் திறக்கும் அதிகாரம் நிறுவனத்தின் நிதி அதிகாரியிடம் மட்டும் இருக்கக் கூடாது, கடன் தந்த வங்கியோ ஒழுங்குமுறை ஆணையமோ இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டும்.